துருத்தி மாப்பிள்ளை

கொஞ்சம் ஆர்மோனியம் தெரிந்தவனிடம் நாலு பேரை ஒப்படைத்துப் பாருங்கள், மறுநாளே சர்வாதிகாரி ஆகிவிடுவான். எழுபதுகளில் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த நான் அப்படித்தான் ஆனேன்.

ஆண்டு விழாவுக்குக் கச்சேரி. பாட்டுக்கு லேபரட்டரியில் வேலை செய்த ராணி, தபலாவுக்கு பாய்லர் முனிரத்தினம். ஒத்திகை நடந்தது. (ஒத்திகை என்றால் நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள்.) ஓரிடத்தில் ராணி புதிதாக ஒரு சங்கதி போட்டாள்.

"அது பாட்டுல இல்லையே?"

"பாடிக்கினு இருக்கும்போது வந்துடுச்சி சார்."

"வரக்கூடாது."

என் முறைப்புக்குக் காரணம் இருந்தது. சத்தியவேட்டில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணும் அவள் நைனாவும் விழாவுக்கு வருவதாக இருந்தார்கள். அவர் சர்ச்சில் பாட்டு நடத்துபவர். கச்சேரியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முதல் பாட்டின் நடுவில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கியது, எழுந்திருக்கவில்லை. 'பேங்ங்' என்று ஒரே ஓலம். நான் எதை வாசித்தாலும் இரண்டு பஸ் ஹாரன்கள் சண்டை போடுவதுபோல் கேட்டது. கட்டையை நகத்தால் நெம்பினேன். இன்னும் உள்ளே போய்விட்டது. துருத்தியை நிறுத்தப் போனேன்.

ராணி சிரித்த முகம் மாறாமல் மைக்கிலிருந்து திரும்பினாள். "நிறுத்தாதீங்க சார். காத்து போட்டுக்கினே இருங்க."

அந்த ஓலத்தைக் கொஞ்சம் கவனித்தாள். அதையே சுருதியாக வைத்துக்கொண்டு மெல்ல ஆலாபனையை எடுத்தாள். முனிரத்தினம் சுத்தியலால் தபலாவைத் தட்டிச் சுருதி சேர்த்தார். அவள் போகிற போக்கைப் பார்த்து, நான் சொல்லித்தராத ஒரு நடையில் சேர்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்ததோ ஒரே சுருதி, அது இது இல்லை. ஆகவே கச்சேரியின் தலைவர் கட்டைப் பக்கமே போகாமல், கடைசிவரை ஆர்மோனியத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கவில்லை. "சால பாகுந்தய்யா, மஞ்சி டீம்" என்று, ரொம்ப நன்றாக இருந்ததாம், நல்ல டீமாம், மேனேஜர் தெலுங்கில் பாராட்டி என் முதுகில் தட்டினார். பெண்ணின் நைனா அருகில் வந்தார்.

"அந்தம்மா பாடிச்சி, அவரு வாசிச்சாரு. நீங்க இன்னா பண்ணீங்க தம்பி?"

"காத்து போட்டேங்க."

யோசித்தார். "கெடுக்காம இருந்தீங்களே, அது போதும்." சம்பந்தம் நிச்சயமானது.

அடுத்த சீசனில் டப்பா மூடும் மெஷின் நின்றுபோனபோது, ஆர்டர் போடத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் மேலே போனார். பொழுது சாய்வதற்குள் மெஷின் ஓடியது. என் பங்கு, எல்லாருக்கும் டீ வரவழைத்தது.

வீட்டில் மட்டும் இன்றுவரை இந்த ஞானத்துக்கு மரியாதை இல்லை. நான் சமையலறையில் கரண்டியை எடுத்தாலும், பேத்தியின் கல்யாணப் பேச்சில் கருத்துச் சொன்னாலும், என் மனைவி தலையைக்கூடத் திருப்புவதில்லை.

"நீங்க காத்து மட்டும் போடுங்க."