குடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். அவர்களை மன்னித்துவிடலாம். பாவம், எங்கள் ஊர்த் தொலைக்காட்சியின் பழைய செய்தி இசையை அவர்கள் கேட்டதில்லை.

அந்த இசையை எழுத்தில் கொண்டுவருவது அடியேனால் ஆகிற காரியம் இல்லை. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. முதலில் தந்தியடிப்பது போல ஒரு 'டக டக டக'. பிறகு நாலைந்து எக்காளங்கள் ஒன்றாக முழங்கும். கடைசியில் ஒரு 'டொம்'. திரையில் பூமி உருண்டை சுற்றிக்கொண்டே வந்து நிற்கும். நம் ஊர் இருக்கிற பக்கம் நிற்காது, வெறும் கடலாக இருக்கிற பக்கம்தான் நிற்கும். அதற்குள் வீட்டில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். உலகத்தில் எங்கே எது இடிந்து விழுந்திருந்தாலும் சரி, அந்த 'டொம்' கேட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். இன்றைக்குச் செய்தி கேட்டால் பயம் வருகிறது. அதெல்லாம் ஒரு செய்தியா?

இந்த மாபெரும் மரபைக் காக்கவே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'பழைய செய்தி அன்பர் பேரவை' நிறுவப்பட்டது. நான் அதன் செயலாளர். குடியிருப்போர் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். இரண்டுக்கும் ஒரே தலைவர், ஒரே பொருளாளர், தரைத்தளத்தில் ஒரே அறை. முன்பெல்லாம் ஞாயிறு சாயங்காலம் அங்கே லிஃப்ட், குப்பை, சாக்கடை என்று சங்கக் கூட்டம் நடக்கும். நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் சண்டை போட வந்தவர்கள். பேரவை தொடங்கிய பிறகு அதே கிழமையில் அதே அறையில் உட்கார நாற்காலி கிடைப்பதில்லை. சங்கக் கூட்டத்தை 'காலவரையின்றி' ஒத்திவைத்துவிட்டோம். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

பேரவையின் சொத்து முழுவதும் பொருளாளர் கொடுத்தது. அவரை எல்லோரும் டேப் சார் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் ஒரு நாள் தவறாமல் செய்தியை வீடியோ கேசட்டில் பதிவு செய்தவர். கேசட்டுகள் பீரோவை விட்டுக் கட்டிலுக்கு அடியில் இறங்கி, அங்கிருந்து சமையலறைக்குள் நுழையப் பார்த்தபோது அவர் மனைவி ஒரு முடிவு கேட்டார். இவரும் முடிவு எடுத்தார். இசையை வைத்துக்கொண்டார், வணக்கத்தை வைத்துக்கொண்டார், நடுவில் இருந்த செய்தியை மட்டும் அழித்துவிட்டார்.

"நடுவுல என்னங்க இருக்கு? வெள்ளம், விலைவாசி, எவனோ எதையோ திறந்து வெச்சான். அது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்பார்.

ஆக, நாங்கள் வாராவாரம் பார்ப்பது இசை, வணக்கம், மறுபடி வணக்கம், மறுபடி இசை. இசைக்கு எழுந்து நிற்போம். பேரவையில் கருத்து வேறுபாடே கிடையாது என்று சொல்ல மாட்டேன். இடையில் சில காலம் அந்த நிலையம் எக்காளத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தது. அந்த இருண்ட காலத்தைப் பற்றி மூன்றாவது மாடி மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை, "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லிஃப்டில் அவரோடு யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட பேரவைக்கு நியூஸ் ஐயாவே கிடைத்தார் என்றால் அது எங்கள் பூர்வஜென்மப் புண்ணியம். அத்தனை வருடம் அந்தச் செய்தியை வாசித்த அதே மனிதர். மின்கட்டண அலுவலக வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. "கவுன்ட்டர் எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. திரும்பிப் பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வரிசையில் இருந்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

எங்கள் ஆண்டுவிழாவில் வந்து செய்தி வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். ஐயா உடனே சம்மதித்தார்.

"வர்றேன். கோட் இன்னும் இருக்கு. மேஜையில மட்டும் ஒரு டம்ளர் தண்ணி வேணும். அதுல ஒரு வாய் குடிச்சாத்தான் எனக்குக் கடைசி வணக்கம் வரும்" என்றார்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், தலைவர், டேப் சார், நான் மூவரும் அறையில் உட்கார்ந்து மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் கட்டடத்தின் பிளம்பர் அனுமதி கேட்காமல் உள்ளே வந்தார். முழங்கால்வரை ஈரம்.

"சார், கீழ்த் தொட்டியில சாக்கடை கலக்குது."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், எதையும் முறைப்படிதான் கேட்பார். "இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?"

"அது தொட்டியில இருக்கு சார். கழிவுக் குழாய் உடைஞ்சு நேரா உள்ள போகுது. மோட்டாரை நிறுத்திட்டு, வீடு வீடாப் போய்ச் சொல்லிடுங்க. குடிச்சா வாந்தி பேதிதான். பெரியவங்க எப்படியோ தாங்கிடுவாங்க, சின்னப் பிள்ளைங்க தாங்காது." பிளம்பர் என் பக்கம் திரும்பினார். "உங்க பாப்பாதான் சார் ரொம்ப ஜாக்கிரதை. போன மாசம்தானே வயித்துக்குச் சரியில்லாம ஆஸ்பத்திரியில கிடந்துச்சு."

நான் பயந்துவிட்டேன். அதை மறைக்க மாட்டேன். ஒரே பெண், அவளும் நோஞ்சான். நான் எழுந்து வாசலை நோக்கி நடந்துவிட்டேன். தலைவர்தான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? மோட்டாரை நிறுத்தினா நாளைக்கு விழாவுக்கு டீ எப்படிப் போடறது? வர்றவங்க கை கழுவ வேணாமா?"

"நோட்டீஸ் ஒட்டிடலாமே" என்றேன்.

"லிஃப்டுல ஒட்டின நோட்டீஸை யாராவது படிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"வாட்ஸ்அப்புல?"

"அதுல எல்லாரும் பூ அனுப்பறாங்க. நடுவுல நீங்க சாக்கடை அனுப்புவீங்களா?"

அப்போது டேப் சார் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு உண்மையைச் சொன்னார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. நாளைக்கு ஐயா வந்து எதை வாசிப்பார்? நம்மகிட்ட மியூசிக் இருக்கு, உருண்டை இருக்கு, மேஜை இருக்கு. செய்தி ஒண்ணுகூட இல்லையே."

மூவரும் ஒரே நேரத்தில் பிளம்பரைப் பார்த்தோம். ஆண்டவனாகப் பார்த்து ஒரு செய்தியை முழங்கால்வரை நனைத்து அனுப்பியிருக்கிறான்.

"மொத்தக் கட்டடமும் ஒரே இடத்துல உக்காந்து, காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கப்போகுது. அதுவும் யார் குரல்ல? இதைவிட நல்லா ஊருக்கு யார் சொல்ல முடியும்?" என்றார் தலைவர்.

"அதுவரைக்கும் குடிப்பாங்களே சார்" என்றார் பிளம்பர்.

"இத்தனை வருஷமாக் குடிக்கிறாங்க. ஏதாவது ஆச்சா?"

"இன்னைக்குக் காலையிலதான் சார் உடைஞ்சுது."

"அப்போ இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல இல்ல? போங்க, போய்க் கால் கழுவுங்க."

'தண்ணீர் கசிந்தது போதும், ஒளிபரப்புவரை செய்தி கசியக் கூடாது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. செய்திக்கு என்று ஒரு தர்மம் இருக்கிறது. சொந்தக் குடும்பத்துக்குக்கூட முன்னால் சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அப்பன் மனசு கேட்குமா? இருட்டுவதற்குள் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சின்னத் தண்ணீர் கேன் ஒன்று வாங்கினேன். திரும்பினால் பக்கத்தில் டேப் சார், அவர் கையிலும் கேன். 'செடிக்கு' என்றார். அவருக்குப் பின்னால் தலைவர் இரண்டு கேன்களோடு நின்றார். 'மீனுக்கு' என்றார். நான் 'காருக்கு' என்றேன். என்னிடம் கார் கிடையாது. அதை இருவரும் பெருந்தன்மையோடு கேட்கவில்லை.

"எதுக்குங்க கேன்?" என்றாள் மனைவி.

"சலுகை போட்டிருக்கான்."

"தண்ணிக்குமா?" என்று சொல்லிவிட்டு அதிலிருந்தே மகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிரோடு உட்கார்ந்து செய்தியை எழுதினேன். பழைய நடை கொஞ்சமும் மாறக் கூடாதே. யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்பது எந்த வாக்கியத்திலும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் அறை நிரம்பி வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். என் மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். லிஃப்டில் பேச்சிழந்த மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். 'டக டக டக' தொடங்கியது. எல்லோரும் எழுந்தோம். எக்காளம் முழங்கியது. உருண்டை சுற்றிவந்து கடல் பக்கம் நின்றது. 'டொம்'. பாச்சை உருண்டை வாசனை அடிக்கும் கோட்டோடு நியூஸ் ஐயா நிமிர்ந்தார்.

"வணக்கம். நமது குடியிருப்பின் நிலத்தடி நீர்த்தொட்டியில் கழிவுநீர் கலந்திருப்பதாக அறியப்படுகிறது. மறு அறிவிப்பு வரும்வரை குடியிருப்போர் அந்நீரைக் குடிக்க..."

இங்கே நிறுத்தினார். ஐயோ, அந்த நிறுத்தத்தை நான் என்னவென்று சொல்வேன். அந்தக் காலத்தில் அணை உடைந்தபோது நிறுத்தினாரே, அதே நிறுத்தம்.

"...வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மருந்துக்கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். தலைவர் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். புல்லாங்குழல் மன்னிக்கப்பட்டது. ஐயா டம்ளரை எடுத்தார், உதட்டில் வைத்தார், ஒரு வாய் குடித்தார், அதே மாதிரி சத்தமில்லாமல் வைத்தார். அந்த டம்ளரை டேப் சார் சற்று முன்புதான் அறைக் குழாயில் பிடித்து வைத்திருந்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. "இன்னொரு தடவை" என்றார்கள். ஐயா இன்னொரு தடவை வாசித்தார், இன்னொரு வாய் குடித்தார். கேட்கக் கேட்க வாசித்தார். டம்ளர் காலியானதும் டேப் சார் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

விழா முடிந்ததும் அழுது தொண்டை வறண்டவர்கள் வராந்தாக் குழாயில் வரிசையில் நின்று வயிறு முட்டக் குடித்தார்கள். "இந்தக் காலத்துல யாருங்க இப்படி வாசிக்கிறாங்க?" என்று வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீடுவரை கால் தரையில் படாமல் போனது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை மதியம் ஏறக்குறைய முழுப் பேரவையும் அரசு மருத்துவமனையின் ஒரே வார்டில் கூடியது. இவ்வளவு வருகைப்பதிவு இதற்குமுன் எந்தக் கூட்டத்திலும் இருந்ததில்லை. தலைவருக்கு ஜன்னலோரக் கட்டில். எனக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் என் மகள், பக்கத்தில் அவள் அம்மா.

சுகாதார ஆய்வாளர் வந்தார். இளைஞர், ரசனை இருப்பதாகத் தெரியவில்லை. "தொட்டியில கலந்தது உங்க யாருக்கும் தெரியாதா? யாரும் எச்சரிக்கலையா?" என்றார்.

"எச்சரிக்கலையாவா?" என்று தலைவர் எழுந்து உட்கார்ந்தார். தலைவர் தொடங்க, மருந்துக்கடைக்காரர் சேர்ந்துகொள்ள, வார்டே ஒரே குரலில் சொன்னது. ஒரு சொல் பிசகவில்லை. 'குடிக்க' என்ற இடத்தில் அத்தனை கட்டில்களும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக 'வேண்டாம்' என்றன. பெருமிதத்தில் எனக்குக் கண் கலங்கியது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவர் நடந்துபோய் மூலைக் கட்டிலில் கிடந்த நியூஸ் ஐயாவிடம் நின்றார். "நீங்கதானே வாசிச்சது? நீங்களுமா?"

"தம்பி, நான் வாசிக்கிறவன். நான் எப்போ செய்தி கேட்டேன்?" என்றார் ஐயா. இந்த நிலையிலும் அந்தக் குரல் வெண்கல மணி மாதிரி இருந்தது. வார்டில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

நானும் தட்டியிருப்பேன், கையில் ஊசி இருந்தது. அப்போதுதான் மனைவி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போங்க தெரியும்?"

"சனிக்கிழமையே தெரியும். ஆனா ஒரு வார்த்தை வெளியில விடலை" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"நேத்து வீட்டுக்கு வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"அவர் வாசிச்சாரே, அது பழைய செய்தியா, நம்ம தொட்டியான்னு கேட்டேன். 'என்ன குரல் பாத்தியா'ன்னீங்க. அப்புறம் தண்ணி கேட்டீங்க. கேன்ல தீந்துபோச்சு, குழாய்லதான் பிடிச்சுக் குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சிட்டு டம்ளரைக் குடுத்தீங்க." மகளின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "அதைப் பாத்துட்டுத்தான் அதே டம்ளர்ல இவளுக்கும் பிடிச்சுக் குடுத்தேன்."