வாங்க வராதவரின் பெயர்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, அவளுடைய மூட்டுவலி மூவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் மகளும் பதினொரு நாள் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பேரனுக்கு என் பெயரையே வைக்கப்போவதாகவும், வெள்ளிக்கிழமை பதிவு செய்வதற்குள் அதன் பொருளையும் பூர்வீகத்தையும் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். படித்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பாதி சந்தோஷம், பாதி பயம். ஏனென்றால் அறுபத்திரண்டு வருஷமாக இந்தப் பெயரைச் சுமக்கிறேனே தவிர, அதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உங்களிடம் 'அஞ்சா நெஞ்சன்' என்று சொன்னது, திடீரென்று கேட்டதால் வாயில் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று மேனேஜரிடம் 'நேரம் தவறாதவன்' என்று சொல்லித் தொலைத்து, முப்பத்தைந்து வருஷம் எல்லாருக்கும் முன்னால் போய் ஆபீஸ் கதவைத் திறந்தேன். கல்யாணத்துக்கு முன் உங்கள் அத்தையிடம் 'சொன்ன பேச்சைக் கேட்பவன்' என்றேன். அதன் பலனை நீங்களே நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

பேரன் விஷயத்திலாவது புளுகக் கூடாது என்று நூலகத்துக்குப் போனேன். நூலகர் மூன்று அகராதிகளைப் புரட்டிவிட்டு, "சார், எதுலயும் இல்லையே. நிஜமாவே இது உங்க பேருதானா?" என்று அடையாள அட்டையைக் கேட்டார். அவர் கைகாட்டிய மொழிப் பேராசிரியரோ அதை நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, "கப்பல்ல வந்த பேரா இருக்கலாம், மலை தாண்டி வந்ததாவும் இருக்கலாம். காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

கடைசியில் அக்காவிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "இதுக்கா இப்படி அலைஞ்சே? என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்று பரணில் ஏறச் சொன்னாள். துணி சுற்றிய பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதில் என் பெயர்.

அப்பா பெயர்ப்பலகை வெட்டித் தருகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். நான் பிறப்பதற்குச் சற்று முன் யாரோ ஒருவர் தாளில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். போனவர் போனவர்தான். பலகை தயார், ஆள் வரவில்லை, நான் வந்துவிட்டேன். அந்தப் பெயரையே எடுத்து எனக்கு வைத்துவிட்டார் அப்பா! அதிலும் பாருங்கள், பெயரை எனக்குக் கொடுத்த மனுஷர், ஆள் வந்து கேட்டால் வேண்டுமே என்று பலகையைக் கடைசிவரை மாட்டவே இல்லையாம். ஆக, என் பெயரின் பூர்வீகம் வாங்க வராத ஓர் ஆர்டர். பொருள் அந்த ஆளுக்கே வெளிச்சம்.

"அப்ப நான் பழைய ஸ்டாக்கா?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"லூசு மாதிரி பேசாதே. ஒன்பது நாள் வெட்டினாரு அதை. அவர் கையில வந்ததுலயே அதுதான் அழகு. அம்மா எத்தனையோ பேரு சொன்னா. 'நான் செஞ்சதுலயே நல்லது இதுதான், என் புள்ளைக்கு இதைத்தான் வைப்பேன்'னு ஒத்தக்கால்ல நின்னாரு."

எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிசிறு இல்லை.

இருந்தாலும் யோசித்துத்தான் சொல்கிறேன், அந்தப் பெயர் பேரனுக்கு வேண்டாம். நாளைக்குப் பள்ளியில் பொருள் கேட்டால் குழந்தை என்ன சொல்வான்? என்னைப் போல ஆளுக்கொரு புளுகு விட்டு அதன்படி நடந்து காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அகராதியில் உள்ள நல்ல பெயராகப் பார்த்து வையுங்கள். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரிடம் நான் 'மகா பொறுமைசாலி' என்று சொல்லியிருந்த பொருளை மறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடக் கூசும்
மாமனார்

பி.கு.: பலகையைப் பளபளவென்று தேய்த்து நேற்றே பார்சலில் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமையே வந்துவிடும். நான்கு ஸ்க்ரூக்களும் உள்ளே இருக்கின்றன. தொட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம், நல்ல கனம். வாசலில் மாட்டுங்கள். என்றைக்காவது ஒருவர் வந்து அது தன்னுடையது என்று கேட்டால், பேரனைக் காட்டி, ஆர்டர் கொடுத்தவர் வந்து வாங்கிக்கொண்டார் என்று சொல்லிவிடுங்கள்.