மூன்றாம் மாடி ஆன்டெனாவுக்கு எர்த் போட்ட விவரம்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆயிரம் ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம், ஆன்டெனாவும் நலம். உன் நலத்தைக் கடிதத்தில் கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீ ரேடியோவில் வானிலை வாசிப்பதைக் கேட்டே தெரிந்துகொள்கிறோம். வேலை கிடைத்திருக்கும் தீவில் போன் எடுக்காது, தபாலும் எப்போதாவது வருகிற படகில்தான் என்று நீ சொன்னபோது அம்மா முகம் போன போக்கு உனக்கு மறந்திருக்காது. "அழாதம்மா, வானிலை வாசிக்க என்னைத்தான் போடுவாங்க, தினம் நாலு மணிக்கு என் குரல் கேக்கும்" என்றாயே, அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இந்த எழுபது நாளையும் தள்ளியிருக்கிறோம். உன் முதல் கடிதம்கூட இன்னும் வந்து சேரவில்லை.

நிற்க. நீ பெட்டியோடு படியிறங்கிக்கொண்டே, "மழைக்காலம் வர்றதுக்குள்ள ஆன்டெனாவுக்கு எர்த் போட்டுடுங்கப்பா, கம்பிய நல்ல ஈர மண்ணுல இறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், சொன்ன வார்த்தையை மாற்றுவேனா? மொட்டைமாடியில் நீ கட்டிய ஆன்டெனாவிலிருந்து ஒரு வயரை இழுத்து, இரும்புக் கம்பி ஒன்றில் இறுக்கிச் சுற்றி, அங்கேயே மாடியில் இருந்த அம்மாவின் எலுமிச்சைத் தொட்டியில் ஆழமாக இறக்கினேன். மண் இருந்தது. ஈரம் போதாதோ என்று காலையும் மாலையும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் எலுமிச்சை அழுகிப்போய், அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எர்த்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சமாதானம் சொன்னதில் மூன்றாவது நாளும் பேசவில்லை.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. எதிர்வீட்டு டிவி ஒரே இடியில் புகைந்து போனது. அன்றிலிருந்து அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் காவல் உட்கார ஆரம்பித்தாள். நாலு மணிக்கு நீ வருவாய், "இடியுடன் கூடிய" என்பாய், அவ்வளவுதான், 'மழை' என்று நீ முடிப்பதற்குள் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிடுவாள். மழைக்காலத்தில் வானிலை வாசிக்கிறவள் இடியைச் சொல்லாமல் எதைச் சொல்வாள்? தினமும் எங்களுக்குக் கிடைத்தது உன் குரலில் ஒன்றரை வாக்கியம், அதிலும் பாதி கரகரப்பு. நான் சத்தம் போட்டதற்கு அம்மா சொன்னாள்: "எனக்குப் பொண்ணு குரலும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டையும் ஒரே வயர்ல கட்டித் தொங்கவிட மாட்டேன்."

கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "சார், மின்னல் இந்தத் தொட்டி வரைக்கும் வந்துடும். அப்புறம் எங்க போகும்? படியிறங்கியா போகும்?" என்று கேட்டார். மனுஷர் சிரிக்காமல் கேட்டதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு விளக்கமாகச் சொன்னார். தடித்த செம்பு வயர் வெளிச்சுவரை ஒட்டி வளையாமல் நெளியாமல் நேராகக் கீழே இறங்க வேண்டுமாம். தரையில் எட்டடிக் கம்பியை முழுசாக அடித்து அதில் கட்டி, கட்டடத்தின் எர்த்தோடும் சேர்க்க வேண்டுமாம். "இவ்வளவு செஞ்சாலும் இடி இடிக்கறப்ப கழட்டித்தான் வைக்கணும்" என்று அம்மா காதுபட வேறு சொல்லித் தொலைத்தார்.

நேராக இறங்கினால் வருகிற தரை கீழ்வீட்டு அம்மாவின் ஜன்னலடி. சுத்தியல் சத்தம் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "மூணாம் மாடி மின்னல என் ஜன்னலுக்குக் கீழ எதுக்கு இறக்கறீங்க? உங்க மின்னல நீங்களே வச்சுக்குங்க!" எலக்ட்ரீஷியன் அரைமணி நேரம் பாடம் நடத்தினார், பலிக்கவில்லை. "பொண்ணு குரல கேக்கணும்ங்க, வேற ஒண்ணுமில்ல" என்று உன் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே இறக்கினார். "அப்ப நானும் வந்து கேப்பேன்" என்ற ஒரே நிபந்தனையோடு இடம் கொடுத்தார்.

நேற்று வானம் வெறித்திருந்தது. நாலு மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். மழை தொடங்கியபின் முதல் முறையாக முழுசாகக் கேட்டோம். கரகரப்பே இல்லை. காற்றின் வேகம், அலையின் உயரம், எல்லாம் சொன்னாய். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை, குரல்தான் ஏறியது. "அப்படியே உங்க குரல்தான்" என்று கீழ்வீட்டு அம்மா சொல்ல, உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீ வணக்கம் சொல்லி முடித்ததும் நான் ரேடியோவைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நீ இல்லாமல் இந்த இரண்டு அறை வீடு எங்களுக்கு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே. உடன் வேலை பார்ப்பவர்களுக்கு எங்கள் அன்பைச் சொல். நீ நீடூழி வாழ அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் தபால்காரர் உன் முதல் கடிதத்தைக் கொடுத்தார். "என் குரல் மைக்குக்கு ஒத்துவராதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்கப்பா. எனக்குக் கருவி அறைலதான் வேலை. வாசிக்கிறது வேற பொண்ணு" என்று எழுதியிருக்கிறாய். உன் குரல் ஒத்துவராது என்று சொன்ன அந்த மகாமேதை யார்? அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி உன் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலு மணி ஆனதும் அவளே எழுந்து ரேடியோவைப் போட்டாள். "யாரு பெத்த பொண்ணோ, பேசிட்டிருக்கு. நாமளாவது கேப்போம்" என்றாள். கேட்டோம். நல்ல குரல்தான், குறை சொல்வதற்கில்லை. நீ அடுத்த படகில் ஒரு நடை வந்துவிட்டுப் போ. மைக்குக்கு ஒத்துவராத குரலில் அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.