மொத்தமா எடுத்த மீசை

நேத்து எனக்கு ஒரே வேலைதான். சலூனுக்குப் போய் மீசையை லேசா குறைச்சிட்டு வரணும். அவ்ளோதான்!

இன்னிக்கு அவலூர்பேட்டைல பொண்ணு பாக்கப் போறதா இருந்தோம். எத்தினியோ ஜாதகம் தட்டிப்போய், தேடித்தேடி அமைஞ்ச எடம். பொண்ணு என் போட்டோவப் பாத்துட்டு "மீசை நல்லாருக்குது"ன்னு சொன்னிச்சாம். அதுலேந்து என் காலு தரையில படல.

செஞ்சி பஜார்ல வழக்கமா போற சலூன். "அண்ணே, மீசையக் கொஞ்சமா குறைங்க"ன்னேன். "சரி தம்பி"ன்னு துணியப் போத்துனாரு.

என் கெட்ட நேரம், டிவில விவாதம்! உலக நாடுங்கல்லாம் கூடி பருவநிலை மாநாடு. கடைசி நாளாம். நிலக்கரியக் "குறைப்போம்"னு தீர்மானத்துல எழுதறதா, "ஒழிப்போம்"னு எழுதறதான்னு ரெண்டு கட்சிக்காரங்க கத்திகினு இருந்தாங்க.

பக்கத்து சீட்ல வல்லத்து மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மில்லு வெச்சிருக்கறவரு. "கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா போதும்பா. கரன்ட் வேணாமா? மில்லு ஓட வேணாமா?"ன்னாரு.

என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னாண்ணே பேசறீங்க? நம்ம செஞ்சிக் கோட்டைப் பாறை இப்பவே தோசைக்கல்லாட்டம் கொதிக்குது! குறைக்கிற பேச்சே வேணாம். மொத்தமா எடுத்துடணும்! மிச்சமே வெக்கக் கூடாது!"

சர்ர்ர்...

கண்ணாடியப் பாத்தேன். எடது பக்க மீசையக் காணோம்!

"அய்யய்யோ! இன்னாண்ணே பண்ணீங்க?"

"நீதான தம்பி, குறைக்க வேணாம், மொத்தமா எடுன்னு கத்துன?"

"நான் நிலக்கரிய சொன்னேண்ணே!"

"என் சேர்ல ஒக்காந்துகினு எடுன்னா, நான் வேற எதை எடுப்பேன்?"

வியாபாரி மெதுவா சொன்னாரு: "இதுக்குதான் குறைச்சா போதும்னேன்."

அரை மீசையோட எங்க போறது? மறுபக்கமும் போச்சு.

நம்ம ஊர்ல பெரிய மீசைக்காரன் திடீர்னு மொழுமொழுன்னு வெளிய வந்தா ஒரே அர்த்தம்தான். அப்பா செத்துட்டாரு!

டீக்கடைக்காரரு ஓடியாந்து கையப் புடிச்சிகினாரு. "நைனாவுக்கு இன்னாப்பா ஆச்சு?"

"ஒன்னுமில்லண்ணே. வீட்லதான் இருக்காரு."

"அப்ப எப்ப எடுக்கறீங்க?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போன மீசைக்குத்தான் கலங்குச்சு. அதப் பாத்து டீ குடிச்சிகினு இருந்தவங்களும் நம்பிட்டாங்க.

நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி அவலூர்பேட்டைக்குப் போயிடுச்சு. பொண்ணோட அப்பா துக்கம் விசாரிக்க நைனா போனுக்கே கூப்ட்டாரு!

"நான்தாங்க பேசறேன். உயிரோடதான் இருக்கேன்"னாரு நைனா.

அவரு பதறிப்போய் மன்னிப்பு கேட்டாரு. அப்புறம், "தப்பா நெனச்சிக்காதீங்க. சாவுப் பேச்சு வந்துடுச்சு, சகுனம் சரியில்ல. அடுத்த வருஷம் பேசிக்கலாம்"னு வெச்சிட்டாரு.

ஒக்காந்து டிவியப் போட்டேன். மாநாடு முடிஞ்சிடுச்சாம். நிலக்கரி விஷயத்தை அடுத்த வருஷம் பேசிக்கலாம்னு கலைஞ்சிட்டாங்களாம்.

நைனா டிவியப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு.

"இத்தினி நாடு கூடியும் ஒருத்தனும் ஒன்னும் எடுக்கல. ஒலகத்துலயே மொத்தமா எடுத்தவன் நீ ஒருத்தன்தான்டா!"