சூனியம் செய்யப் படிவம் ஏழு

எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை மதியம் ஆறு பேர் கோப்பு அறையில் கூடி வீரர்களாக மாறுவது வழக்கம். பயப்பட வேண்டாம், மேசை விளையாட்டுதான். தட்டச்சர் அக்கா கதையை நடத்துவார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மூன்று வருடமாக ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடக்கிற எதையும் மேலிடம் சும்மா விட்டதில்லை.

கண்காணிப்பாளர் தாமும் ஆட வந்தார். வந்த அன்றே விதிகள் பழசு என்றார். இப்போது மோஸ்தர் 'வாளும் சூனியமும்' என்கிற கதைப் பாணிதான் என்று அவர் மருமகன் சொன்னாராம். உலகத்தைக் காப்பாற்றும் உத்தமர்கள் அதில் கிடையாது, தன் தோலை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் முரடன்தான் நாயகன். மந்திரம் அபூர்வமாக இருக்கும், செய்பவனின் ஆயுளையே தின்னும். செத்தவன் செத்தவன்தான். "மேற்படி பாணிக்கு இசைவாக விதிகளைத் திருத்தியமைக்க" மூவர் குழு அமைந்தது. அவர் தலைவர், அக்கா உறுப்பினர், நான் செயலாளர்.

கவலைப்பட்டவர் டெஸ்பாட்ச் பிரிவு அண்ணன் ஒருவர்தான். வாரம் முழுக்க "சரிங்க சார்" என்று உறை ஒட்டுகிற மனிதர் அவர். அவருடைய காட்டு வீரனோ எந்த ராஜாவுக்கும் தலை வணங்காதவன். நாலு தடவை செத்தும் ஒரு பூசாரி எழுப்பிவிட்டிருந்தார். இப்போது மந்திரவாதியின் கோபுரத்து உச்சியில், உயிர் ஊசலாட நின்றான்.

"இனிமே செத்தா அவ்வளவுதானா?" என்று அண்ணன் கேட்டார். அவ்வளவுதான் என்றோம். அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

குழு கூடியது. அபூர்வம் என்றால் எவ்வளவு அபூர்வம் என்பதில் ஒரு மணி நேரம் போனது.

"ஒண்ணை அபூர்வமாக்க நமக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அதுக்கு அனுமதி வாங்கணும்னு சொல்றதுதான்," என்றார் தலைவர். மறுக்க இடமில்லை. படிவம் ஏழு பிறந்தது. ஆயுளைத் தின்ன வேண்டுமே என்று அக்கா நினைவூட்டினார். அதற்குத் தனி விதி எதற்கு, படிவத்தோடு விண்ணப்ப ஜன்னலில் நிற்கவைத்தால் போதும் என்றார் தலைவர். ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மந்திரவாதிக்குப் பத்து வயது கூடும் என்று குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. மந்திரவாதி கையைத் தூக்கினான், விரல் நுனியில் தீ எழுந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கண்காணிப்பாளர் கனைத்தார்.

"படிவம் ஏழு குடுத்தானா?"

கொடுக்கவில்லை. தீயை அணைத்துவிட்டுப் படியெல்லாம் இறங்கி ஜன்னலுக்கு வந்தான். ஜன்னலுக்குப் பின்னால் யாராவது வேண்டுமே. செயலாளர் என்ற முறையில் நான் உட்கார்ந்தேன்.

"அவசரம்ங்க. மேல ஒருத்தன் வாளோட நிக்கிறான்," என்றான் மந்திரவாதி, அக்காவின் குரலில்.

"இருப்பிடச் சான்று எங்க?"

"அந்தக் கோபுரமே என்னோடதுங்க."

"அப்படின்னு ஒரு கடிதம் வேணும். நாளைக்கு வாங்க."

பத்து வயது கூடியது. மறுபடி வந்தான். ரத்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான், நீல மையில் கேட்டேன். அதற்கடுத்த தடவை எனக்குச் சாப்பாட்டு நேரம். உண்மையைச் சொல்கிறேன், மூன்று வருடம் வாள் வீசியதில் இந்தச் சுகம் கிடைத்ததில்லை. பதினோராவது தடவை அவன் ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி தூசியாக உதிர்ந்தான்.

காட்டு வீரன் வாளை உருவாமலே வென்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அண்ணன் புதுத் தாளோடு வந்தார். பாத்திரம், ஜன்னல் எழுத்தர். ஆயுதம், ரப்பர் முத்திரை. வீரன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"அவனை எவன் மதிக்கிறான்?" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் தாளிலும் அதேதான் எழுதியிருந்தது. மற்றவர்கள் தாளிலும். மதியம் முழுக்க ஜன்னல்களுக்குப் பின்னால் முத்திரையும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. "விண்ணப்பதாரர் பற்றாக்குறை" என்று தலைவர் குறிப்பு எழுதினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தக் குறை தீர்ந்தது. அலுவலகக் கதவைத் திறந்தால் வெளியே நாற்பது பேர். ஜன்னல் வேலையை அண்ணன் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். முதலில் நின்ற பெரியவர் படிவத்தை நீட்டினார். அண்ணன் அதைத் தொடவில்லை, அவரைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயாவுக்கு இப்ப வயசு என்ன ஆகுது?" என்று ஆசையாகக் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தோம்.