ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை

கரும்பலகையில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தத் தெரிந்தவன் கையில் மட்டும் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூஷன் எடுப்பவன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

கனடாவில் இருக்கும் அண்ணை, தோட்ட வேலைக்கு உதவும் என்று நாலு சில்லு, அதாவது நாலு சக்கரம், வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கப்பலில் அனுப்பியிருந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஊரைக் கூட்டும் சத்தம்; எண்ணெய் குடிப்பதிலோ அசுரன். அதுவும் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலம். என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் எல்லாச் சேதமும் நடந்திருக்கிறது.) சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் உள்ளே இடம் குறையும், அமுக்கம் கூடும், கொஞ்ச எண்ணெயில் நிறைய வலு கிடைக்கும். வகுப்பில் தொண்டை வறளக் கத்திய பாடம்தானே.

லேத்துக்கடைக்காரர் தலைமயிர் வெட்டுகிறவர் மாதிரி ஆளைக் கேட்டுக் கேட்டுச் சீவினார்.

“இன்னும் கொஞ்சம் எடுப்பமோ, மாஸ்டர்?”

“எடுங்கோ, எடுங்கோ.”

ஹெட் பளபளவென்று மின்னியது. எவ்வளவு எடுத்தோம் என்று அளந்து பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இதில் பெரிய விசேஷம், அந்தக் கிழமைதான் எனக்குக் கலியாணம். பெண் வாசுகி, கோப்பாய். பொன்னுருக்கு முடிந்துவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு மணவறை வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக் கூடாது. வாசுகியின் தகப்பன், என் வருங்கால மாமா, இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. என்னைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே பெரிய அபிப்பிராயம் கிடையாது. சகுனம் பிழைத்தால் அதையே சாட்டாக வைத்துக் கலியாணத்தை நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். வாசுகியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டிய அந்த மாப்பிள்ளைதான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ‘பரீட்சார்த்த ஓட்டம்’ என்று கிளம்பினான். தாங்கியில் பெற்றோல் போதவில்லை. முந்தி யுத்த நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். நானும் மிச்சத்தை மண்ணெண்ணெயால் நிரப்பினேன். (அதற்காக அப்பா இரண்டு கேஸ்கட் போட்டு அமுக்கத்தைக் குறைத்திருந்தார் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் கூட்டிவிட்டல்லவா ஊற்றியிருக்கிறேன்!)

குடாநாட்டில் எத்தனையோ தெரு இருக்க, ஹாண்டில் கோப்பாய்ப் பக்கம்தான் திரும்பியது. மதிலை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பாதி வழியிலேயே எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்கள். மாமாவுக்குக் கேட்டுவிடுமே என்று அவர் வீட்டு வாசற்படலைக்குச் சற்று முன்னால் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

எஞ்சின் நிற்கவில்லை. சாவியைக் கழற்றினேன். இன்னும் உற்சாகமாக ஓடியது. உள்ளே ஏறியிருந்த சூட்டுக்கு இனிப் பொறி தேவைப்படவில்லை. எண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குழாயைப் பூட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். என் மாணவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நானோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு “நில், நில்” என்று கெஞ்சினேன். வண்டி என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படலையில் முட்டி அலறியது. பிறகு ஒரு வெடி. பிஸ்டனில் ஓட்டை. ஒரே புகை.

“ஆரடா அது?” என்று மாமா ஓடிவந்தார். பின்னால் ஒரு பாவாடைக் கரை தெரிந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“ஐயோ, மாப்பிளை!”

பளாரென்று திறந்திருந்த ஹெல்மெட் கண்ணாடியை அடித்து மூடினார். (மூக்கு தப்பியது அதிர்ஷ்டம்.) பிறகு மகளிடம் திரும்பினார் போலிருந்தது.

“பிள்ளை, நீ இவரின்ரை முகத்தைப் பாத்தனியோ?”



“இல்லையப்பா. நான் ஹெல்மெட்டைத்தான் பாத்தனான்.”

மாமா என் ஹெல்மெட்டில் தட்டினார். “அப்ப உந்த ஹெல்மெட்டைக் கழட்டாதையும், தம்பி. வீடு போய்ச் சேருமட்டும் உப்பிடியே இரும்.”

உழவு இயந்திரப் பெட்டியில் வண்டியை ஏற்றி, அதன் மேல் என்னையும் ஏற்றினார்கள். உச்சி வெயிலில், ஓடாத வண்டியில் ஹெல்மெட்டோடு அமர்ந்தபடி, தெருத் தெருவாகச் சனம் பார்க்கக் கொக்குவில் வந்து சேர்ந்தேன்.

கலியாணம் சொன்ன முகூர்த்தத்தில் நடந்தது. மணவறையில் வாசுகி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். தோள் குலுங்கியதை நான் மட்டும்தான் கண்டேன். அன்றைக்கே கேட்டேன்.

“உண்மையாவே நீர் என்ரை முகத்தைப் பாக்கேல்லையோ?”

“பாக்காமல்? கண்ணை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, மூக்கெல்லாம் கரி. உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா விட்டிருப்பாரே? பிறகு உங்களை ஆர் கட்டுறது?”

ஓட்டை பிஸ்டன் இப்போது எங்கள் சாமியறையில் ஊதுபத்தி தாங்குகிறது. வீட்டில் நான் திருப்புளியையோ ஸ்பானரையோ தொட்டால் போதும், யாராவது அந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மாமாவோ வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம், “அண்டைக்கு முகம் பாக்கேல்லை. அதாலைதான் ரெண்டு பேரும் நல்லா இருக்கினம்” என்று கதை சொல்வார். அப்போது வாசுகி மெல்ல என் பக்கம் திரும்புவாள். நான் ஹெல்மெட்டைத் தேடுவேன்.