விரல் வைக்காத அலுவலகம்

பயப்படாதீர்கள் என்று பொதுமக்களுக்குச் சொல்வதுதான் நோய்த் தடுப்பு விழிப்புணர்வு அலுவலகத்தின் வேலை. எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது, கைகுலுக்குவதால் பரவாது, ஒரே தம்ளரில் குடிப்பதால் பரவாது என்று வண்ண வண்ணமாகச் சுவரொட்டி அச்சிட்டு ஊர் ஊராக அனுப்புவார்கள். எழுதுபவர் இயக்குநர். பிழை திருத்துபவர் கண்காணிப்பாளர். கட்டுக் கட்டி, முகவரி ஒட்டி அனுப்புபவர் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் அக்கா.

அக்கா ஒருநாள் மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போக அரைநாள் விடுப்புக் கேட்டார். எதற்கு, என்ன மாத்திரை என்று கண்காணிப்பாளர் துருவித் துருவிக் கேட்டார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எச்.ஐ.வி. சார். ரொம்ப வருஷமா இருக்கு. மாத்திரை சாப்பிடறேன், நல்லா இருக்கேன். விஷயம் உங்களோட இருக்கட்டும்."

"இதைச் சொல்லணுமாம்மா? என் உசுரே போனாலும் வெளியே போகாது."

கண்காணிப்பாளர் பொறுப்பான மனிதர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று எச்சரித்த பிறகே சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த ரகசியத்தை அலுவலகமே ஒன்றுசேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பிரச்சினை வருகைப் பதிவு இயந்திரத்தில் முளைத்தது. காலையில் வந்ததும் அதில் விரல் வைக்க வேண்டும். கணக்காளர் வைக்க மறுத்தார்.

"அக்காதான் முதல்ல வந்து வெக்கறாங்க. அதே இடத்துல நானும் வெக்கணுமா? எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க சார்."

"அவங்களைக் கடைசியா வெக்கச் சொல்லுவோம்" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்போ ராத்திரி பூரா அது அங்கேயே உட்கார்ந்திருக்காதா?"

எல்லோரும் இயக்குநரின் அறைக்குப் போனார்கள். தட்டச்சர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"சார், தொட்டா பரவாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினேன். அது பொதுமக்களுக்கு."

அன்று மாலையே ஆணை பிறந்தது. நிர்வாக நலன் கருதியும், எவர் மனமும் புண்படாத வகையிலும், இயந்திரத்தில் அக்கா மட்டும் விரல் வைப்பார். ஏனையோர் தத்தம் மனசாட்சியில் வருகையைப் பதிவு செய்துகொள்வார்கள்.

மறுநாள் அக்காவின் நாற்காலி பழைய சாமான் அறைக்குப் பக்கத்தில் கிடந்தது. தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடும் தட்டச்சர், பல்வலி என்று சொல்லி வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அக்கா அன்றைக்கு முகவரிகளைத் தப்புத் தப்பாக எழுதினார்.

மனசாட்சி முதலில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. பிறகு மெல்லத் தாமதமானது. சில நாட்களில் ஆள் வராமல் மனசாட்சி மட்டும் வந்து போனது. சுவரொட்டிகள் மட்டும் ஒருநாளும் தவறாமல் ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

தலைமையகத்துக் கணினிக்கு மனசாட்சியைப் படிக்கத் தெரியாது. மாதக் கடைசியில் கடிதம் வந்தது. இவ்வலுவலகம் ஒரே ஓர் ஊழியரைக் கொண்டு செவ்வனே இயங்கி வருவது பாராட்டத்தக்கது. அன்னாரையே பொறுப்பு அலுவலராக நியமிக்கிறோம். இயக்குநர் உள்ளிட்ட ஏனையோர் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்பதற்கு அவர் சான்றளிக்கும்வரை சம்பளம் கிடையாது.

கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் மருத்துவ விஞ்ஞானம் வியத்தகு முன்னேற்றம் கண்டது. கண்காணிப்பாளர் ஓடிவந்து அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புரளியை எவன் கிளப்பினான்னே தெரியலம்மா. தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்."

"புரளி இல்ல சார். எனக்கு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே! உங்க மனசு யாருக்கு வரும்?"

கணக்காளர் அக்காவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கேட்காமலே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். தட்டச்சருக்குப் பல்வலி குணமாகிவிட்டது. இயக்குநர் கைகுலுக்கினார், குலுக்கிய கையை விடவே இல்லை.

"உங்களுக்கெல்லாம் இப்போ பயமா இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

"படிக்காத ஜனங்கதாம்மா அதுக்கெல்லாம் பயப்படும்" என்றார் கணக்காளர், மென்றுகொண்டே.

அக்கா எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் இத்தனை பேர் தன் கையைப் பிடித்தது இன்றுதான் என்ற நினைப்பு வந்தது. அது சந்தோஷமா என்று அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பணியில் சேர்வதற்கான தாளை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

தாளை வாங்க நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றது.

"மேஜை மேல வெச்சிட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது. வந்தவர் முகம் மாறவில்லை. பழகிப்போனவர் போல, தாளை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வெகுநேரம் அந்தத் தாளை எடுக்கவில்லை. காரணம் பயமா வெட்கமா என்பது அலுவலகக் குறிப்புகளில் பதிவாகவில்லை.